வெளிநாட்டு மொழி படிக்கணுமா, நோட்ஸ தமிழ்லயே எடுங்க

எங்க தெருவுல தையல் கடை வெச்சிருக்கிற அக்கா ஒருத்தங்க போன வருஷம் எங்கிட்ட வந்து, "தம்பி, கொரியன் சீரியல் பாத்துப் பாத்து அந்த பாஷையப் படிக்கணும்னு ஆசையா இருக்கு, ஆனா எனக்கு இங்கிலீஷே சரியா வராது, நானெல்லாம் படிக்க முடியுமா"ன்னு கேட்டாங்க. இதே கேள்விய எத்தனையோ பேர் எங்கிட்ட கேட்டிருக்காங்க. வெளிநாட்டு மொழின்னாலே இங்கிலீஷ் வழியாத்தான் போகணும்னு நமக்கு ஊறிப்போச்சு, ஆப்பத் தொறந்தா இங்கிலீஷ், புக்க வாங்குனா இங்கிலீஷ், யூடியூப் பாடமும் இங்கிலீஷ். நான் கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில கணக்கு எழுதற ஆளு, ஒம்பது வருஷமா வேலை போக மிச்ச நேரத்துல ஜப்பானிய மொழி, ஸ்பானிஷ், கொரியன், இப்ப ரஷ்யன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு படிச்சுட்டு வரேன், எந்தப் பரீட்சைக்கும் இல்ல, வெளிநாடு போறதுக்கும் இல்ல, பிடிச்சிருக்கு அவ்ளோதான். இத்தனை வருஷத்துல எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் ஒண்ணுதான், நம்ம ஆளுங்களுக்கு நிறைய மொழிகளுக்குக் குறுக்கு வழி தமிழ்தான், இங்கிலீஷ் வழியாப் போனா ஊரச் சுத்தித்தான் போகணும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை அவங்க அதிகாரிகளுக்கு மொழி சொல்லித்தர ஒரு பள்ளி நடத்துது. அவங்க கணக்குப்படி ஸ்பானிஷுக்கு 600லருந்து 750 மணி நேர வகுப்பு, ஜப்பானிய மொழி, கொரியன், சீனம், அரபு இதுக்கெல்லாம் 2200 மணி நேரம். இந்தக் கணக்கு நெட்ல எங்க பாத்தாலும் சுத்துது, இதப் பாத்துட்டு ஐயோ ஜப்பானிய மொழியா வேணாம்ப்பான்னு ஒதுங்கிப் போனவங்க எனக்கே நாலு பேரத் தெரியும். ஆனா அது இங்கிலீஷ் தாய்மொழியா உள்ளவங்களுக்குப் போட்ட கணக்கு, அதே பட்டியல்ல நம்ம தமிழே 1100 மணி நேரத்துல நிக்குது. நாம பொறந்ததுலருந்து பேசற மொழி அவங்களுக்கு அவ்ளோ கஷ்டம்னா, அவங்களுக்குக் கஷ்டமா இருக்கிறதெல்லாம் நமக்கும் கஷ்டம்னு ஏன் எடுத்துக்கணும்.

ஒரே ஒரு வாக்கியத்த எடுத்துக்கங்க. "நேத்து வாங்கின புத்தகம்." ஜப்பானிய மொழியில "கினோ கத்த ஹோன்". கினோன்னா நேத்து, கத்தன்னா வாங்கின, ஹோன்னா புத்தகம். அப்படியே வரிசையா வருது பாருங்க, ஒரு வார்த்தைகூட இடம் மாறல. கொரியன்லயும் அதே வரிசைதான், "ஒஜே சான் செக்". இதையே இங்கிலீஷ்ல சொல்லணும்னா புத்தகத்த முன்னாடி கொண்டுவந்து நடுவுல ஒரு இணைப்புச் சொல்லப் போட்டு நேத்தக் கொண்டுபோய்க் கடைசியில வெக்கணும். இங்கிலீஷ்ல எழுதின ஜப்பானிய இலக்கணப் புக்குல இதுக்குன்னு ஒரு முழுப் பாடம் இருக்கும், தலைகீழா யோசிச்சுப் பழகுங்கன்னு பக்கம் பக்கமா பயிற்சி இருக்கும். நமக்கு அது வெறும் பெயரெச்சம், ஸ்கூல்ல தமிழ் டீச்சர் சொல்லிக் குடுத்ததுதான், பேரு மறந்திருந்தாலும் தினமும் நூறு தடவ வாயில வர்றதுதான். நான் முதல் ஒன்றரை வருஷம் அந்தப் பயிற்சியெல்லாம் இங்கிலீஷ்ல செஞ்சு செஞ்சு தலைகீழா யோசிச்சுட்டு இருந்தேன், ஒரு நாள் பஸ்ல வரும்போது சும்மா தமிழ்ல போட்டுப் பாத்தப்பதான் இது நேராவே இருக்கேன்னு உறைச்சுது. அன்னைக்கு ராத்திரியே பழைய நோட்ட மூடி வெச்சுட்டுப் புது நோட்டு போட்டேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா கண்ணுல பட ஆரம்பிச்சுது. வீட்ட விட்டுக் கிளம்பும்போது ஜப்பான்காரங்க சொல்றது "இத்தெ கிமஸ்". இத்தென்னா போய், கிமஸ்னா வரேன். அட, நாம சொல்ற அதே "போய்ட்டு வரேன்"! போறேன்னு மொட்டையா சொல்லக்கூடாதுங்கிறது நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லிக்குடுத்தது, அந்த ஊர்லயும் போய் வரேன்னுதான் சொல்றாங்கன்னு தெரிஞ்சப்ப மனசுக்கு அவ்ளோ நெருக்கமாப் போச்சு. கொரியன்ல ஒருத்தர்கிட்ட தட்ட நீட்டி "மொகொ பொசேயோ"ன்னு சொல்லுவாங்க, மொகொன்னா சாப்பிட்டு, பொசேயோன்னா பாருங்க, "சாப்பிட்டுப் பாருங்க". கண்ணால பாக்கறதுக்கு உள்ள அதே சொல்லத்தான் முயற்சி பண்ணிப் பாக்கறதுக்கும் வெச்சிருக்காங்க, நம்மள மாதிரியே, மரியாதைக்கு நம்ம "ங்க" எந்த இடத்துல வருதோ அந்த இடத்துல அவங்களுக்கு "சேயோ" வருது. வரேன்னு சொன்னான் அப்படிங்கிறதுல இருக்கிற "னு"வுக்கு ஜப்பானிய மொழியில "தொ", அதுவும் அதே இடத்துல உக்காந்திருக்கும், "குரு தொ இத்த".

இங்க ஒண்ணு கண்டிப்பா சொல்லிடறேன். கொரியன்லயும் அம்மா ஒம்மா, அப்பா அப்பான்னு இருக்கு, அதனால ரெண்டும் ஒரே மொழின்னு வீடியோ போடறவங்க நிறைய. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு இருக்குன்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி எழுதினார், ஆனா மொழியியல் படிச்சவங்க பெரும்பாலும் அத ஏத்துக்கல. படிக்கிற நமக்கு அந்தச் சண்டை தேவையே இல்ல. உறவு இருக்கோ இல்லையோ, வாக்கியம் கட்டற விதம் ஒண்ணா இருக்கு, அது போதும் நமக்கு.

சரி, இத எப்படிப் பயன்படுத்தறது. நூறு பக்கம் கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்குங்க, ஒரு மொழிக்கு ஒரு நோட்டு. ஒவ்வொரு புது வாக்கியத்துக்கும் மூணு வரி. முதல் வரியில அந்த மொழியோட சொந்த எழுத்துல வாக்கியம். ரெண்டாவது வரியில ஒவ்வொரு வார்த்தைக்கும் நேர் கீழ அதோட தமிழ், வரிசைய மாத்தாம, காதுக்கு எவ்ளோ கோணலா இருந்தாலும் பரவால்ல. மூணாவது வரியில வீட்ல நீங்க எப்படிச் சொல்லுவீங்களோ அப்படி, எழுத்துத் தமிழ்ல எழுதாதீங்க, "நான் செல்கிறேன்"னு எழுதினா மனசுல ஒட்டாது, "நான் போறேன்"னு எழுதுங்க. ஒரு நாளைக்கு மூணு வாக்கியம் போதும், அதுக்கு மேல எழுதினா மறுநாள் திருப்பிப் பாக்க மாட்டீங்க. ரெண்டாவது வரியும் மூணாவது வரியும் எங்க ஒண்ணா இருக்கோ அங்க ஒரு டிக் போடுங்க, எங்க வித்தியாசப்படுதோ அங்க மட்டும் சிவப்புல கோடு போடுங்க. அந்தச் சிவப்புக் கோடு போட்ட இடம்தான் நீங்க நிஜமா படிக்க வேண்டிய இலக்கணம். மத்தத உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

இது ஆசிய மொழிக்கு மட்டும்தான் ஒத்து வரும்னு நெனைக்காதீங்க. ஸ்பானிஷ்ல எனக்கு மாம்பழம் பிடிக்கும்னு சொல்ல "மே குஸ்தா எல் மாங்கோ"ம்பாங்க. இங்கிலீஷ்காரங்களுக்கு இது பெரிய தலைவலி, அவங்க மொழியில நான்தான் மாம்பழத்த விரும்பணும், இங்க என்னடான்னா மாம்பழம் எனக்குப் பிடிக்குது. நமக்கு அதுல புதுசு என்ன இருக்கு, மே-ன்னா எனக்கு, குஸ்தான்னா பிடிக்கும். சிவப்புக் கோடு ஒண்ணு ரெண்டுதான், பிடிக்கும்ங்கிறது மாம்பழத்துக்கு முன்னாடி வரும், மாம்பழம் நிறைய இருந்தா குஸ்தா குஸ்தான் ஆயிடும். ரஷ்யன்ல "ம்னே ஹோலத்னா"ன்னா எனக்குக் குளிருது, ஜெர்மன்லயும் எனக்குன்னுதான் குளிர் ஆரம்பிக்குது. ரஷ்யன்ல "எத்தா தோம்"னா இது வீடு. நடுவுல ஒண்ணுமே கிடையாது, இது, வீடு, முடிஞ்சுது, இங்கிலீஷ்ல வர்ற அந்த "இஸ்"ஸும் இல்ல, "எ"யும் இல்ல. என்கிட்ட இருக்குங்கறதையும் அப்படியே என்கிட்ட இருக்குன்னேதான் சொல்றாங்க. ஆறு வேற்றுமை இருக்குன்னு பயமுறுத்துவாங்க, எட்டு வேற்றுமைய மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதினவங்க நாம. ஆனா நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், நமக்கு எல்லாப் பேருக்கும் "க்கு" ஒண்ணுதான், ரஷ்யன்ல ஆண்பால் பெண்பால் ஒருமை பன்மைன்னு ஒவ்வொண்ணுக்கும் விகுதி மாறும், அதுக்கு உக்காந்து உழைச்சுத்தான் ஆகணும்.

சீக்கிரமா ஒரு மொழியில வாயத் தொறந்து பேசணும்னு அவசரப்படறவங்க மலாய் அல்லது இந்தோனேசிய மொழியில ஆரம்பிக்கலாம். ரோமன் எழுத்து, காலத்துக்கு ஏத்த மாதிரி வினைச்சொல் மாறாது. நாமன்னா கீத்தா, நாங்கன்னா காமி, கேக்கறவரையும் சேத்தா சேக்காமயாங்கிற அந்த வித்தியாசம் நம்மள மாதிரியே இருக்கு, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான். மலாய்ல கடைக்கு கெடாய், கப்பலுக்கு காப்பால், கோயிலுக்கு குயில், முதலுக்கு மோடால், பலவகைக்கு பெல்பகாய், இதெல்லாம் கப்பல் ஏறிப்போன நம்ம சொல்லுங்கதான். படிக்கும்போது சொந்தக்காரங்களப் பாத்த மாதிரி இருக்கும்.

உச்சரிப்புக்கு வருவோம், இங்கதான் தமிழ் ஒரு பக்கம் தூக்கி விடும், இன்னொரு பக்கம் காலை வாரும்.

தூக்கி விடறத முதல்ல சொல்றேன். கொரியன்ல ஒரு உயிரெழுத்து இருக்கு, உதட்டக் குவிக்காம உ சொல்ற மாதிரி, இங்கிலீஷ் பாடத்துல அத விளக்க முடியாம ரொம்பத் திணறுவாங்க. "பாட்டு", "காசு" இப்படி சாதாரணமா சொல்லிப் பாருங்க, கடைசி உ-வுக்கு உதடு குவியுதா? குவியாது. குற்றியலுகரம், அதேதான் அது. பிரெஞ்சுல மூக்கால சொல்ற உயிரெழுத்துன்னு மிரட்டுவாங்க. "மரம்"னு வேகமா சொல்லுங்க, கடைசியில உதட்ட மூடறீங்களா, மூடறதில்ல, மரோன்னு மூக்குல விட்டுடறோம். நல்லதுன்னு அர்த்தம் வர்ற பிரெஞ்சு "போன்" அங்கதான் முடியுது. ஸ்பானிஷ்ல பெரோன்னா "ஆனா", பெறோன்னா நாய், ரகரம் றகரம் வித்தியாசம் தெரிஞ்ச வாய்க்கு இது ஒரு விஷயமே இல்ல, நாக்க நல்லா உருட்டணும் அவ்ளோதான். கொரியன்ல புருஷன் பொண்டாட்டி ஜோடிக்கு "பூபு". முதல் ப அழுத்தமா வரும், ரெண்டாவது ப மெதுவா வரும், எழுத்து ஒண்ணுதான். "பாபம்"னு சொல்லும்போது நாம என்ன பண்றோமோ அதேதான், சொல்லு ஆரம்பத்துல ஒரு ஒலி, நடுவுல வேற ஒலி, அதுக்கு யாரும் நமக்குத் தனியா பாடம் எடுக்க வேண்டியதில்ல.

காலை வாரற இடம் எங்கன்னா, சத்தத்த எழுதி வெக்கறதுக்குத் தமிழ் எழுத்தப் பயன்படுத்தும்போது. கொரியன்ல நிலாவுக்கு ஒரு சொல்லு, மகளுக்கு ஒரு சொல்லு, முகமூடிக்கு ஒரு சொல்லு. மூணையும் தமிழ்ல எழுதினா "தால், தால், தால்". தையல் கடை அக்கா நோட்டுல நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு, மூணு தால் எழுதி எது எதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தாங்க. அவங்க கடையில பேட்டர்ன் வெட்டற மெல்லிசு பேப்பர்ல ஒரு துண்டக் கிழிச்சு அவங்க வாய்க்கு முன்னாடி பிடிச்சேன். முகமூடின்னு சொல்லும்போது பேப்பர் நல்லா படபடன்னு ஆடணும், நிலாவுக்குக் கொஞ்சம் ஆடும், மகளுக்குத் தொண்டைய இறுக்கி சொல்லணும், பேப்பர் அசையவே கூடாது. ஒரு வாரம் கடையில தைக்க வந்தவங்க முன்னாடியெல்லாம் பேப்பரப் பிடிச்சுட்டு தால் தால்னு சொல்லிட்டே இருந்தாங்க, இப்ப எனக்கே அவங்க சொல்றதுதான் தெளிவா இருக்கு. அதனால அர்த்தத்தையும் இலக்கணத்தையும் தமிழ்ல எழுதுங்க, சத்தத்த மட்டும் தமிழ்ல எழுதாதீங்க. முதல் ரெண்டு வாரம் ஊன்றுகோல் மாதிரி வெச்சுக்கலாம், அதுக்கப்புறம் அழிச்சுடுங்க.

அந்த மொழியோட எழுத்தக் கத்துக்கறது நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. கொரிய எழுத்து அரசர் செஜோங் காலத்துல 1443ல உருவாகி 1446ல மக்களுக்கு வந்தது, அடிப்படை மெய் 14, உயிர் 10. நாக்கு எங்க படுதோ அந்த வடிவத்துலயே சில மெய்யெழுத்த வரைஞ்சிருக்காங்க, நம்ம இலக்கணத்துல எழுத்து பிறக்கிற இடம்னு படிச்சோமே, அதையே படமா போட்ட மாதிரி. ஒரு ஞாயித்துக்கிழமையில பாதி வந்துடும். ரஷ்யன்ல 33 எழுத்து, ஒரு வாரம். ஜப்பானிய மொழியில ஹிரகனா 46, அதையும் க, ச, த, நன்னு வரிசையாத்தான் அடுக்கியிருக்காங்க, அந்த வரிசைக்கு மூலம் சமஸ்கிருத எழுத்து முறை, அதனால பாத்த மாத்திரத்துல பழகின மாதிரி இருக்கும். கஞ்சின்னு சொல்ற, சீனத்துலருந்து வந்த எழுத்துங்கதான் மலை, ஜப்பான் அரசாங்கம் அன்றாடப் பயன்பாட்டுக்குன்னு வெச்சிருக்கிற பட்டியல்லயே 2136 இருக்கு. இதுக்குத் தமிழ் எந்த உதவியும் பண்ணாது, தினமும் நாலு எழுத்துன்னு கையால எழுதி எழுதித்தான் ஏறணும். சீனத்துல குரல ஏத்தி இறக்கினா அர்த்தமே மாறுமே, அந்தத் தொனியும் அப்படித்தான், ஜெர்மன்ல எந்தப் பொருளுக்கு எந்தப் பாலுங்கிறதும் அப்படித்தான், சொல்லோடயே சேத்து மனப்பாடம் பண்ணிடுங்க, காரணம் தேடாதீங்க.

மனப்பாடத்துக்கு நான் பண்றது அட்டைப் பெட்டி. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்ளோ சீக்கிரம் மறக்குதுன்னு தன்னையே சோதிச்சுப் பாத்து 1885ல வெளியிட்டார். படிச்ச உடனே மளமளன்னு மறக்கும், ஆனா மறக்கப் போற நேரத்துல திருப்பிப் பாத்தா ஒவ்வொரு தடவையும் மறதி மெதுவாகும். 1970கள்ல செபாஸ்டியன் லைட்னர்ங்கிற ஜெர்மன் பத்திரிகையாளர் இதுக்கு ஒரு பெட்டிய வெச்சு வழி சொன்னார். செருப்பு டப்பா ஒண்ணு எடுத்து அஞ்சு அறையா தடுத்துக்கங்க. வீட்ல சேந்து கிடக்கிற கல்யாணப் பத்திரிகையில எழுத்தில்லாத பக்கத்த சீட்டுக்கட்டு அளவுல வெட்டிக்கங்க, அந்த அட்டை கெட்டியா இருக்கும், வருஷக்கணக்கா தாங்கும். ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் அந்த மொழி, தனிச் சொல்லா எழுதாதீங்க. சரியா சொன்னா அடுத்த அறைக்குப் போகும், தப்பா சொன்னா எந்த அறையில இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பி வரும். முதல் அறை தினமும், ரெண்டாவது ரெண்டு நாளைக்கு ஒரு தடவ, மூணாவது வாரத்துக்கு ஒரு தடவ, நாலாவது ரெண்டு வாரம், அஞ்சாவது மாசத்துக்கு ஒரு தடவ. போன்லயே வேணும்னா ஆங்கின்னு ஒரு ஆப் இதே வேலையச் செய்யுது, ஆங்கின்னாலே ஜப்பானிய மொழியில மனப்பாடம்னுதான் அர்த்தம், கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் காசு கிடையாது. எதுல பண்ணாலும் ஒரு நாளைக்குப் பத்து புது அட்டைக்கு மேல சேக்காதீங்க, ஏன்னா சில மாசத்துல திருப்பிப் பாக்க வேண்டிய பழசே தினமும் 70, 80ன்னு வந்து நிக்கும், அத முடிக்க முடியாமத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுடறாங்க.

காதுக்கு ரெண்டு நிமிஷ ஆடியோ ஒண்ணு போதும், ஒரு வாரம் முழுக்க அதையே கேளுங்க, அவங்க பேசப் பேச அரை நொடி பின்னாடியே நீங்களும் சத்தமா சொல்லிட்டு வாங்க. ஜப்பானிய மொழிக்கு அந்த ஊர் ஒலிபரப்பு நிறுவனம் என்எச்கே, ஜெர்மனுக்கு அந்த ஊர் ஒலிபரப்பு நிறுவனம் டாய்ச்ச வெல்ல, ரெண்டுமே ஆரம்பப் பாடம் இலவசமா குடுக்கறாங்க, நல்ல தரம்.

இப்ப பல மொழி விஷயம். நான் பண்ணின தப்ப நீங்க பண்ண வேணாம், ஜப்பானிய மொழி கொஞ்சம் வந்த உடனே ஆர்வத்துல ஸ்பானிஷையும் கொரியனையும் ஒரே மாசத்துல ஆரம்பிச்சேன், ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா மூணுமே அரைகுறை, ஸ்பானிஷ்ல பேச வாயத் தொறந்தா "இத்தெ"ல வர்ற அந்த ஜப்பானிய "தெ" வந்து நிக்குது. ஒரு நேரத்துல ஒரு மொழிதான் புதுசா இருக்கணும். அது எப்பப் பழைய மொழி ஆகுதுன்னா, பத்து நிமிஷம் தடுமாறியாவது உங்களப் பத்திப் பேசிட முடியணும், எளிமையா எழுதின செய்திய அகராதி இல்லாம பாதிக்கு மேல புரிஞ்சுக்கணும். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1லருந்து சி2 வரைக்கும் ஆறு படி வெச்சிருக்காங்களே, அதுல பி1 கிட்ட வந்துட்டா அதுக்கப்புறம் மூணு மாசம் தொடாம விட்டாலும் முழுசா போயிடாது, ஏ1லயே விட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது ஆனா ஆவன்னாவுலருந்துதான்.

அடுத்த மொழி தூரத்து மொழியா இருக்கட்டும். ஸ்பானிஷும் போர்ச்சுகீசும் அடுத்தடுத்து எடுக்காதீங்க, ரெண்டும் கலந்து ரெண்டுமே கெட்டுப்போகும். கொரியன் முடிச்சு ஸ்பானிஷ், இல்லன்னா ஜப்பானிய மொழி முடிச்சு ரஷ்யன், இப்படி மாத்தி மாத்தி எடுத்தா மூளையில தனித்தனி அறையில உக்காரும். நேரத்தையும் பிரிச்சுடுங்க, எனக்குக் காலையில பஸ்ல நாப்பது நிமிஷம் புது மொழி, சாயந்தரம் பஸ்ல கால் மணி நேரம் பழைய மொழி ஒண்ணு, ஞாயித்துக்கிழமை மதியம் மூணாவது. இடமும் நேரமும் மாறாம இருந்தா அந்த சீட்ல உக்காந்த உடனே அந்த மொழி தானா வாயில வரும். கலப்படம் வந்தா பயப்படாதீங்க, அது எல்லாருக்கும் வர்றதுதான், ஆனா பேசிட்டு இருக்கும்போது கலந்துடுச்சுன்னா நடுவுல தமிழுக்குத் தாவாம அதே மொழியிலயே சுத்தி வளைச்சு சொல்லப் பாருங்க. ஒரு மொழி நல்லா வந்தப்புறம் அதுலருந்தே அடுத்ததப் படிக்கலாம், என் கொரியன் அட்டையில பாதிக்கு மறுபக்கம் ஜப்பானிய மொழிதான் இருக்கு, ரெண்டும் சேந்தே ஞாபகத்துல நிக்குது.

வகுப்புக்குப் போறது உங்க இஷ்டம். சென்னையில இருக்கிறவங்களுக்கு ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், கொரியனுக்கு இன்கோ சென்டர் இருக்கு, ஜப்பானிய மொழித் தேர்வு என்5லருந்து என்1 வரைக்கும் ஜூலையிலயும் டிசம்பர்லயும் நடக்குது. ஹாபியா படிக்கிறவங்களுக்குப் பரீட்சை ஒரு தேதியக் குடுக்கும், அந்த அளவுக்கு அது நல்லதுதான்.

நடுவுல விட்டுப்போகும். வீட்ல ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி, மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற வேலை, ரெண்டு மாசம் நோட்டத் தொட்டிருக்க மாட்டீங்க. அப்ப விட்ட இடத்துலருந்து தொடரப் பாக்காதீங்க, சேந்து கிடக்கிற அட்டைங்களப் பாத்தாலே கை வராது. எல்லா அட்டையையும் கலைச்சு முதல் அறையில போட்டுட்டு தினமும் இருபது மட்டும் எடுங்க, புதுசு ஒண்ணுகூட சேக்க வேணாம். தையல் கடை அக்கா பொங்கல் சமயத்துல துணி குவிஞ்சு ஒன்றரை மாசம் விட்டுட்டு, தை பொறந்து பத்து நாள் கழிச்சு அப்படித்தான் பெட்டியக் கொட்டிக் கலைச்சாங்க, மாசி பாதிக்குள்ள முக்கால்வாசி அட்டை மறுபடியும் மூணாவது அறைக்குப் போயிருந்துச்சு.